ஹைலைட்ஸ் செம்பட்டையாகிவிட்டதா? வீட்டிலேயே சரிசெய்யலாம், ஆனால் பிளீச் வேண்டாம்

பெங்களூரு வாசகர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்கள் ஏறக்குறைய எல்லாமே ஹைலைட்ஸ் பற்றியவை. முகூர்த்த மாதங்கள் வந்தாலே இப்படித்தான். அல்சூரில் பல வருடமாக பார்லர் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை விவரமாகவே எழுதுகிறேன். முதல் கடிதத்துக்கான பதில் நீளம். மற்றவர்களின் கேள்விக்கும் பாதி விடை அதில் இருக்கிறது, அதனால் அதை விட்டுவிட்டுக் கீழே போகாதீர்கள்.

கேள்வி: அக்கா, நான் வர்த்தூர் பக்கம் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் ஆம்பூர். அண்ணன் நிச்சயதார்த்தத்துக்காக ஒரு சலூனில் 6,500 ரூபாய் கொடுத்து ஹைலைட்ஸ் போட்டேன். கேரமல் நிறம் வேண்டும் என்று போனில் படம் காட்டினேன். வந்தது ஆரஞ்சு. வகிட்டிலிருந்து ஒரு விரல் தள்ளி, பட்டை பட்டையாகத் தொடங்குகிறது. வீடியோ காலில் பார்த்த அம்மா, “என்னடி, தலை இப்படிச் செம்பட்டை பாய்ஞ்சு கிடக்கு” என்று அழாத குறை. சலூனில் கேட்டால், இன்னொரு தடவை பிளீச் செய்தால் சரியாகும், அதற்கு 4,000 ஆகும் என்கிறார்கள். கடையில் ‘ஆஷ் பிளாண்ட்’ என்று ஒரு பெட்டி பார்த்தேன். அதை வாங்கி வீட்டிலேயே தலை முழுக்கப் போட்டுவிடட்டுமா? நிச்சயதார்த்தத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

பதில்: அந்தப் பெட்டியை வாங்காதே, தங்கச்சி. சலூனில் சொல்லும் இரண்டாவது பிளீச்சுக்கும் ஒத்துக்கொள்ளாதே. ஏன் என்று சொல்கிறேன்.

முடியின் நிறத்தை எங்கள் தொழிலில் 1 முதல் 10 வரை எண்ணால் குறிப்போம். 1 என்றால் கன்னங்கரேல். 10 என்றால் வாழைப்பழத் தோலின் உட்புறம் போல வெளிர் மஞ்சள். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் 1-லிருந்து 3-க்குள் இருக்கும். கருப்புக்கு அடியில் சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. பிளீச் போட்டால் முதலில் கருப்பு கழன்று, 4, 5-ல் செம்பழுப்பும் சிவப்பும் தெரியும். 6, 7-ல் ஆரஞ்சு. அதற்கும் மேலே போனால்தான் மஞ்சள். உன் முடி 7-க்குப் பக்கத்தில் நின்றிருக்கிறது. நீ படத்தில் காட்டிய கேரமலும் 6, 7-ல் இருக்கும் நிறம்தான்! அப்படியென்றால் வெளுக்க வேண்டிய அளவுக்கு உன் முடி ஏற்கெனவே வெளுத்தாயிற்று. அந்த ஆரஞ்சை அடக்க மேலே டோனர், அதாவது வெளுக்காமல் சாயலை மட்டும் மாற்றும் கலர், போட்டிருக்க வேண்டும். போடாமல் விட்டிருப்பார்கள், அல்லது அவசரத்தில் ஐந்து நிமிடத்தில் அலசியிருப்பார்கள். இந்த நிலையில் மறுபடி பிளீச் போட்டால் நிறம் மஞ்சளுக்குப் போகும், முடி நாராகும், கேரமல் இன்னும் தூரம் போகும்.

அதனால் முதலில் அதே சலூனுக்குப் போய் ஒரு வார்த்தை கேள். “பிளீச் வேண்டாம், டோனர் மட்டும் போட்டுக் கொடுங்கள், இது நீங்கள் முடிக்காமல் விட்ட வேலை” என்று சொல். நீ காட்டிய படத்தையும், இப்போதுள்ள தலையைப் பகல் வெளிச்சத்தில் எடுத்த படத்தையும், பில்லையும் கையில் வைத்துக்கொள். கௌரவமான இடமாக இருந்தால் காசு கேட்காமல் செய்து தருவார்கள். கேட்கக் கூச்சப்படாதே, நீ கொடுத்தது உழைத்த காசு. ஒரேயடியாகக் கையை விரித்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

அங்கே திரும்பப் போக மனம் ஒப்பவில்லை என்றால், வீட்டிலேயே செய்யலாம். வெளுப்பதை மட்டும் வீட்டில் தொடாதே. நிறத்தை ஓரிரு படி இறக்குவதும் ஆரஞ்சை அடக்குவதும் நிதானமான யாருக்கும் கைவரும்.

நீ பார்த்த பெட்டி ஏன் ஆகாது தெரியுமா? பிளாண்ட் என்று போட்ட பெட்டிகளில் பெரும்பாலும் வீரியமான டெவலப்பர், அதாவது டையோடு கலக்கும் பெராக்சைடு, இருக்கும். டெவலப்பரில் 10 வால்யூம் என்றால் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு, 20 என்றால் 6, 30 என்றால் 9, 40 என்றால் 12. வீரியமானதைத் தலை முழுக்கப் போட்டால், இதுவரை நன்றாக இருக்கும் உன் கருப்பு வேர்முடியும் வெளுத்து, அங்கேயும் ஆரஞ்சு எட்டிப்பார்க்கும். உச்சந்தலைச் சூட்டில் வேர் இன்னும் வேகமாக ஏறும்.

வாங்க வேண்டியது இதுதான். கமர்ஷியல் ஸ்ட்ரீட், சிக்பேட்டை பக்கம் பார்லர் சாமான் விற்கும் கடைகளில் கலர் டியூப் தனியாகவும் டெவலப்பர் தனியாகவும் கிடைக்கும். அம்மோனியா இல்லாத, நிரந்தரமாக நிற்காமல் மெல்ல மங்கும் ‘டெமி பெர்மனென்ட்’ வகையில் 6.1 ஒன்று, வெறும் 6 ஒன்று, வெறும் 4 ஒன்று. கூடவே 10 வால்யூம் டெவலப்பர். அந்த வகைக்கென்றே கம்பெனி தனி டெவலப்பர் வைத்திருந்தால் அதையே வாங்கு. புள்ளிக்கு முன்னால் உள்ள எண் எவ்வளவு கருமை என்பதற்கு, புள்ளிக்குப் பின்னால் உள்ளது சாயலுக்கு. பெரும்பாலான கம்பெனிகளில் .1 என்றால் ஆஷ். அதில் நீலச் சாயல் இருக்கும், ஆரஞ்சுக்கு மாற்று நீலம்தான். கம்பெனிக்குக் கம்பெனி இந்தக் கணக்கு கொஞ்சம் மாறும் என்பதால் கடைக்காரரிடம் ஷேடு கார்டைக் கேட்டுப் பார்த்துவிடு. 6 என்ற டியூபில் ‘டார்க் பிளாண்ட்’ என்று அச்சடித்திருந்தால் பயப்படாதே. நம் முடியில் அது நடுத்தரப் பழுப்பாகத்தான் உட்காரும். வால் சீப்பு, டை பிரஷ், கையுறை, பிளாஸ்டிக் கிண்ணம், கிளிப்புகள். உலோகக் கிண்ணம் வேண்டாம்.

செய்வதற்கு 48 மணி நேரம் முன்னால் காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு துளி தடவிப் பார். டியூபோடு வரும் தாளில் எப்படி என்று போட்டிருக்கும். இதற்குமுன் பத்து தடவை டை போட்டவளாக இருந்தாலும் இதை விடாதே. கடைசிக் கடிதத்தைப் படித்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஹைலைட் போட்ட இடத்திலிருந்து ஒரு முடியை நனைத்து, இரண்டு விரலில் பிடித்து மெதுவாக இழு. கொஞ்சம் நீண்டு திரும்பச் சுருங்கினால் நல்லது. சூயிங்கம் மாதிரி நீண்டுகொண்டே போய் அறுந்தால் இப்போதைக்கு எந்த ரசாயனமும் வேண்டாம். நல்ல கண்டிஷனர் மட்டும் போட்டு, நிச்சயதார்த்தத்துக்குப் பின்னல் போட்டுப் பூ வைத்துக்கொள். பட்டைகள் பாதி மறையும்.

இனி தண்ணீர் விஷயம். இதைப் பற்றி பெங்களூரில் யாரும் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம். அல்சூர், மல்லேஸ்வரம் மாதிரிப் பழைய பகுதிகளில் காவிரித் தண்ணீர் வருகிறது. உன் பக்கத்து அடுக்குமாடிகளில் பலவற்றில் இன்னும் போர்வெல்லும் டேங்கரும்தான். போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம், சில இடங்களில் இரும்பும் சேரும். உன் குழாயில் வெள்ளையாக உப்புப் படிகிறதா, பார். அதே உப்பு முடியிலும் படியும். பிளீச் செய்த முடி அதை இன்னும் அதிகமாக இழுத்துக்கொள்ளும். டை சீராகப் பிடிக்காததற்கும், நல்ல நிறம் இரண்டே வாரத்தில் துருப்பிடித்த மாதிரி ஆவதற்கும் பாதிக் காரணம் இதுதான். அதனால் டை போடுவதற்கு முதல் நாள், உப்பை நீக்கும் ‘கிலேட்டிங்’ ஷாம்பூவால் ஒரு தடவை அலசு. பாட்டிலின் பின்பக்கம் பொருள் பட்டியலில் ‘இ.டி.டி.ஏ.’ என்ற எழுத்துகள் முன்வரிசையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. கடைசி அலசலுக்கு, குடிக்க வாங்கும் 20 லிட்டர் கேன் தண்ணீரில் இரண்டு மூன்று சொம்பு எடுத்துக்கொள். அன்று எண்ணெய் வைக்காதே.

முதலில், தாளில் சொன்ன அளவில் டியூபோடு டெவலப்பரைக் கலந்து, பிடரிக்குப் பக்கத்தில், வெளியே தெரியாத ஒரு ஹைலைட் கற்றையில் போட்டுப் பார்த்துவிடு. அதில் எத்தனை நிமிடத்தில் உனக்குப் பிடித்த நிறம் வருகிறதோ அதுதான் உன் தலைக்கான கணக்கு. டியூபில் போட்டிருக்கும் நிமிடம் பிளீச் செய்யாத முடிக்கும் சேர்த்துச் சொன்னது.

நிறம் திருப்தியாக இருந்தால் மறுநாள் முழுவதையும் செய். தலையை நான்காகப் பிரித்துக் கிளிப் போடு. நெற்றி ஓரம், காது மடல் எல்லாம் வாஸ்லின் தடவிக்கொள். பக்கத்துக் கருப்பு முடியில் கண்டிஷனரைத் தாராளமாகப் பூசிவிடு, அங்கே டை ஒட்டாது. இப்போது பட்டையாகத் தெரியும் ஒரு ஹைலைட்டை எடு. வால் சீப்பின் முனையால் ஒன்றுவிட்டு ஒன்று கோத்து, அந்தப் பட்டையில் பாதி முடியைப் பிரித்துக்கொள். அந்தப் பாதிக்கு 4-ஐ மேலிருந்து கீழ்வரை தடவு. மீதிப் பாதிக்கு, ஹைலைட் தொடங்கும் இடத்திலிருந்து மூன்று விரல் நீளத்துக்கு மட்டும் 4. அது முடியும் இடத்தில் நேர்க்கோடாக நிறுத்தாமல் பிரஷைக் கீழ்நோக்கிச் சீவிவிடு. அதற்குக் கீழே 6-ம் 6.1-ம் சரிபாதி கலந்த கலவை. வெறும் 6.1 மட்டும் போட்டால் பிளீச் செய்த முடி நீலத்தை அளவுக்கு மேல் உறிஞ்சி, சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். அதற்குத்தான் பாதிக்குப் பாதி. ஒவ்வொரு கற்றைக்கும் இடையில் சமையல் ஃபாயிலையோ பிளாஸ்டிக் தாளையோ வைத்தால் ஒன்றோடொன்று ஒட்டாது.

ஆஷ் கலவை ஏறும்போது தலையில் கருநீலமாகத் தெரியும். அதைப் பார்த்துப் பதறி ஓடிப்போய் அலசிவிடாதே. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஈர டிஷ்யூவால் ஒரு கற்றையைத் துடைத்துப் பார், டிஷ்யூவுக்கு அடியில் இருக்கும் நிறம்தான் நிஜம். நுனி முடி சீக்கிரம் பிடிக்கும், அதைக் கடைசியில் தடவு. போதும் என்று தோன்றியதும் வெதுவெதுப்பான தண்ணீரில், தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசு. மீந்த கலவையை மூடிபோட்டு எடுத்துவைக்காதே, வாயு சேர்ந்து டப்பா வெடிக்கும். கொட்டிவிடு.

பின்பக்கத்தை நீயே செய்ய முடியாது. கூட இருக்கும் தோழியை உட்காரவைத்துச் செய்யச் சொல். தனியாக இருந்தால் முன்பக்கமும் இரண்டு பக்கவாட்டும் மட்டும் செய். கண்ணில் படுவது அதுதான்.

முடிந்த பிறகு மூன்று நாள் தலைக்கு ஊற்றாதே. பிறகு தலைக்குக் குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் வை. முடியின் புரதம் கரைந்து போவதை அது குறைக்கும். இந்த நிறம் சில வாரங்களில் மெல்ல மங்கும், ஆரஞ்சு லேசாகத் தலைகாட்டும். அப்போது 6, 6.1 கலவையை மட்டும் இன்னொரு தடவை போட்டால் போதும். நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் எல்லாவற்றையும் முடித்துக்கொள். அம்மாவுக்கு உடனே ஒரு வீடியோ கால் போடு.

கேள்வி: மேடம், நாங்கள் ஜீவன்பீமா நகரில் இருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் மகள் தோழிகளோடு போய் முடியின் கீழ்ப்பாதியை வெளிர் மஞ்சளாக வெளுத்துக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது அவளுக்கே பிடிக்கவில்லை, பழையபடி ஆக வேண்டும் என்கிறாள். என் மாமியார், “கெமிக்கலே வேண்டாம், மருதாணியும் அவுரியும் அரைத்துப் போடு” என்கிறார். போடலாமா?

பதில்: போடலாம் அம்மா, உங்கள் மாமியார் சொல்வதில் தப்பில்லை. ஆனால் வரிசை மாறக் கூடாது, மகளிடமும் ஒரு சம்மதம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வெளிர் மஞ்சள் முடியில் அவுரியைத் தனியாகப் போட்டால் பச்சை அடிக்கும். அவுரியில் இருப்பது நீலச் சாயம், மஞ்சளோடு நீலம் சேர்ந்தால் வேறென்ன ஆகும்? முதலில் மருதாணி மட்டும் போட்டு முடியை நன்றாகச் சிவக்கவைக்க வேண்டும். அன்றைக்குக் கண்ணாடியைப் பார்த்தால் மகள் அழுவாள், பளீரென்ற ஆரஞ்சாக இருக்கும். அதன்மேல் அவுரி போட்டால்தான் பழுப்பும் கருப்பும் வரும். அவுரியைக் குழைத்ததும் ஆறவிடாமல் தடவிவிட வேண்டும், அதன் வீரியம் சீக்கிரம் இறங்கிவிடும். நிறமும் அன்றே முழுசாக வராது, ஓரிரு நாள் காற்றுப் பட்டுக் கருக்கும்.

இலைப் பொடியை மட்டுமே வாங்குங்கள். திண்டிவனம் பக்கம் விளையும் அவுரி நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாகவே கிடைக்கிறது. ‘கருப்பு மருதாணி’, ‘பதினைந்து நிமிடத்தில் கருப்பு’ என்று போட்ட பாக்கெட்டுகளில் இருப்பது பெரும்பாலும் வெறும் இலை கிடையாது, உள்ளே ரசாயன டை சேர்ந்திருக்கும். சிலவற்றில் உலோக உப்பும் கலப்பார்கள். அப்படிப்பட்டதைப் போட்ட முடியில் பிறகு பெராக்சைடு பட்டால் சூடேறி முடி முறியும்.

சம்மதம் வாங்கச் சொன்னது இதற்கு. அவுரி ஏறிய முடியை நாளைக்கு மறுபடி வெளுக்க நினைத்தால் பச்சையாகத்தான் வரும், அந்த நீளம் வெட்டுப்பட்டுப் போகும்வரை காத்திருக்க வேண்டும். கல்லூரி வயதுப் பெண், அடுத்த வருடம் வேறு ஆசை வரலாம். அவளிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

அவளுக்கு அது சரிப்படாது என்றால் டியூப் வழி இருக்கிறது. அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வெளிர் மஞ்சள் முடியில் நேராகப் பழுப்பைப் போட்டால் பாசி படிந்த மாதிரி ஒரு நிறம் வந்து, நாலு குளியலில் ஓடிவிடும். வெளுக்கும்போது சிவப்பும் ஆரஞ்சும் போய்விட்டன, அவை இல்லாமல் பழுப்பு நிற்காது. அதனால் முதலில் செம்புச் சாயலுள்ள 7.4 போன்ற ஒன்றை, 10 வால்யூமில், வெளுத்த பகுதிக்கு மட்டும் போட்டு அலசி, துவட்டிவிட்டு, அதன்மேல் 5 போடுங்கள். மேல்பாதிக் கருப்போடு சேராவிட்டால் இரண்டு வாரம் கழித்து 4. ஒரேயடியாக 1, 2 என்று மைக்கருப்புக்குப் போகவேண்டாம். மேலே இருப்பது பளபளக்கும் கருப்பு, கீழே இருப்பது உயிரில்லாத கருப்பு என்று தனியாகத் தெரியும்.

கேள்வி: அக்கா, மர்ஃபி டவுனிலிருந்து எழுதுகிறேன். முன்முடியில் மட்டும் ஸ்ட்ரீக்ஸ் போட்டேன், ஆரஞ்சாக இருக்கிறது. ஊதா ஷாம்பூ வாங்கிப் பல தடவை போட்டும் ஒன்றும் ஆகவில்லை. கம்பெனி மாற்றவா?

பதில்: கம்பெனியை மாற்ற வேண்டாம் தம்பி, நிறத்தை மாற்று. ஊதா, மஞ்சளுக்கு மாற்று. உன் முடியில் இருப்பது ஆரஞ்சு, அதற்கு நீல ஷாம்பூ வேண்டும். அதுவும் லேசான ஆரஞ்சைத்தான் தணிக்கும். அடர்ந்த ஆரஞ்சு என்றால் மேலே சொன்ன 6, 6.1 கலவையை அந்தக் கற்றைகளில் மட்டும் தடவு. முன்முடி மட்டும் என்பதால் கண்ணாடி முன் நின்று நீயே செய்துகொள்ளலாம்.

கேள்வி: நான் ஆர்.டி. நகரில் வசிக்கும் ஆசிரியை. முடி தோள்வரை இருக்கும். சலூனில் போட்ட ஹைலைட்ஸ் பிடிக்காமல், கோபத்தில் கடையில் கிடைத்த மைக்கருப்பு டையை வாங்கித் தலை முழுக்கப் போட்டுவிட்டேன். இப்போது முகமே எடுபடவில்லை. அதன்மேல் லைட் பிரவுன் டை போட்டால் நிறம் ஏறுமா?

பதில்: ஏறாது டீச்சர். டையின்மேல் டை போட்டு வெளுக்க முடியாது. லைட் பிரவுனைப் போட்டால், போட்டதற்கான அடையாளமே இருக்காது. ஒன்று மட்டும் நடக்கும். புதிதாக வளர்ந்த வேர்முடியில் டை இல்லை அல்லவா, அது மட்டும் பழுப்பாகி, கீழே கருப்பும் மேலே செம்பழுப்புமாக இரண்டு நிறமாகிவிடும்.

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. பிடிக்காத நிறத்தோடு வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன் நிற்பது லேசான காரியமில்லை. இருந்தாலும் இனி அவசரம் வேண்டாம். டை போட்டுச் சில நாள்தான் ஆகிறது என்றால், அழுக்கு நீக்கும் ‘கிளாரிஃபையிங்’ ஷாம்பூவால் வாரம் இரண்டு தடவை அலசுங்கள். ஹைலைட் இருந்த கற்றைகளில் டை ஆழமாக வேர்விட்டிருக்காது, அங்கே கொஞ்சம் கழன்று, லேசான பழுப்பு இழையோடும். பலருக்கு அதுவே அழகாக அமைந்துவிடுகிறது. அதற்குமேல் வேண்டும் என்றால் ‘கலர் ரிமூவர்’ என்று ஒன்று உண்டு. முடிக்குள் போய்ப் பெருத்துக் கிடக்கும் சாயத் துகளைச் சிறுசாக்கி வெளியேற்றும். அதில் பிளீச் இல்லை, ஆனால் நிறைய நேரம் அலசவேண்டும். அரைகுறையாக அலசினால் மறுநாளே திரும்பக் கருக்கும். அதோடு பழைய ஆரஞ்சு அப்படியே அடியில் நிற்கும். இதை வீட்டில் செய்யாதீர்கள், கலர் வேலையில் நல்ல பெயருள்ள ஒருவரிடம் போங்கள். போகும்போது ஹைலைட்ஸ் போட்டது, டை போட்டது, எந்த டை, எப்போது என்று எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். மறைத்தால் உங்கள் முடிக்குத்தான் நஷ்டம்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். உங்களுடையது தோள்வரை என்று எழுதியிருக்கிறீர்கள். நுனியை அவ்வப்போது வெட்டிக்கொண்டே வந்தாலும் ஒன்றரை, இரண்டு வருடத்தில் பெரும்பகுதி சொந்த முடியாகிவிடும். அதுவரை முகம் எடுபட, வகிட்டை மாற்றி முன்னால் இரண்டு லேயர் வெட்டிக்கொள்ளுங்கள். கருப்பின் கனம் குறையும்.

கேள்வி: ஹைலைட்ஸ் நிறத்தை மட்டுப்படுத்த காபி டிகாஷன் ஊற்றலாம் என்கிறார்களே, பலன் உண்டா? (வாசகி, கே.ஆர். புரம்)

பதில்: வெளுத்த முடியில் லேசாகக் கறைபோல் ஏறும், அடுத்த குளியலில் போய்விடும். கெடுதல் இல்லை. டிகாஷனைக் குடித்துவிடுங்கள். ஆனால் எலுமிச்சைச் சாறு தடவி வெயிலில் நில் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது இருக்கும் ஆரஞ்சை இன்னும் ஏற்றும், முடியையும் காய வைக்கும்.

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு வயது 52, விவேக் நகர். ஹைலைட்ஸ் மங்கிவிட்டதால் வீட்டில் அம்மோனியா இல்லாத டை போட்டேன். மறுநாள் நெற்றியும் கண் இமையும் வீங்கி, காதோரம் நீர் கோத்துவிட்டது. மாத்திரை போட்டு இப்போது வற்றிவிட்டது. டையைத் தலையில் கொஞ்ச நேரம்தான் வைத்திருந்தேன். அடுத்த முறை வேறு பிராண்டு போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம் அம்மா. எந்த பிராண்டும் வேண்டாம், நீங்கள் தோல் டாக்டரைப் பார்க்கும்வரை.

அம்மோனியா இல்லை என்று பெட்டியில் பெரிதாகப் போடுவதால் பலரும் அது ஒவ்வாமை வராத டை என்று நினைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனது அநேகமாக அம்மோனியா கிடையாது. நிறம் தருகிற பி.பி.டி. என்ற பொருளாகத்தான் இருக்கும், முழுப்பெயர் பாரா ஃபினிலீன் டைஅமைன். அம்மோனியா இல்லாத டையிலும் அது உண்டு, பாக்கெட் பவுடர் டையிலும் உண்டு, கருப்பு மருதாணியிலும் பெரும்பாலும் உண்டு. ‘பி.பி.டி. இல்லை’ என்று விற்கும் சிலவற்றில் பி.டி.டி. என்ற அதன் நெருங்கிய உறவு இருக்கும். பி.பி.டி. ஒவ்வாதவர்களில் பலருக்கு அதுவும் ஒவ்வாது. பல வருடம் ஒன்றும் ஆகாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று வருவது இந்த ஒவ்வாமையின் குணம். ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த முறை இன்னும் வேகமாக, இன்னும் கடுமையாக வரலாம். எவ்வளவு நேரம் வைத்திருந்தீர்கள் என்பதில் பாதுகாப்பு இல்லை.

சிவாஜி நகர் பௌரிங் ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, உங்களுக்குப் பக்கம்தான். அங்கேயோ உங்களுக்குப் பழக்கமான தோல் டாக்டரிடமோ போய் நடந்ததைச் சொல்லி, பேட்ச் டெஸ்ட் செய்யவேண்டும் என்று கேளுங்கள். முதுகில் சின்னச் சின்ன ஒட்டுகள் போட்டு, எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டு மூன்று தடவை வரச்சொல்லிப் பார்ப்பார்கள். நீங்கள் போட்ட டையின் பெட்டியைத் தூக்கிப் போட்டிருக்காவிட்டால் அதையும் எடுத்துப் போங்கள், பொருள் பட்டியல் அவர்களுக்கு உதவும். முடிவு வந்த பிறகு கலப்படமில்லாத மருதாணி உங்களுக்கு ஆகுமா என்று அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

மறுபடி எப்போதாவது முகம் வீங்கி, அதோடு மூச்சு வாங்கினாலோ தொண்டை இறுகினாலோ, மாத்திரை போட்டுக் காத்திருக்காமல் உடனே 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். வீட்டில் இருக்கிறவர்களிடமும், நீங்கள் போகும் பார்லரிலும் உங்களுக்கு டை ஒவ்வாது என்று இன்றே சொல்லி வைத்துவிடுங்கள்.